நாலு மணிக் குரல்

தேவமாலினியை அடக்கம் செய்த நாற்பத்தோராம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணிக்கு அவளுடைய கல்லறை பேசத் தொடங்கியது. அதே நான்கு மணிக்கு, கோடம்பாக்கத்தில் ஓர் இரண்டாம் மாடி வீட்டில், கணவருக்குச் செய்தித்தாள் படித்துக்காட்டிக்கொண்டிருந்த சுகுணவதிக்கு, "வெங்காய விலை மீண்டும்" என்ற இடத்தில் குரல் நின்றுபோயிற்று. சர்க்கரை நோயால் பார்வை போய், வெளிச்சமும் நிழலும் மட்டுமே மிஞ்சியிருந்த தனகோபால், வெங்காயம் ஏறியதா இறங்கியதா என்று தெரியாமல் முகத்தைத் தூக்கியபடி நான்கு நிமிடம் காத்திருந்தார். நான்கு நிமிடம் கழித்துக் குரல் போன வழியே திரும்பி வந்து, "உயர்வு" என்று வாக்கியத்தை முடித்துவைத்தது.

"வெங்காயத்துக்கு எதுக்கும்மா இவ்ளோ சஸ்பென்ஸ்?" என்றார் தனகோபால்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் உள்ள உறவு ஊருக்குப் புரியக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆயிற்று, முழுதாகப் புரிந்ததா என்பது இன்னும் ஐயம்தான். சுகுணவதிக்கோ மறுநாள் பால் பூத்துக்குப் போய்வரும் நேரம் போதுமானதாக இருந்தது. வரிசையில் நின்ற ஒருவர் கைபேசியில் கல்லறைப் பேச்சைப் போட்டுக்காட்ட, சுற்றி நின்றவர்கள் "அதே குரல், அப்படியே தேவமாலினி" என்று கையில் மயிர்க்கூச்செறிந்ததை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள, பால் பாக்கெட்டைப் பையில் போட்டபடியே சுகுணவதி தன்னுடைய குரலைத் தானே கேட்டாள். அழுகை வசனத்துக்கு முன்னால் மூக்கால் மூச்சிழுக்கும் பழக்கம் உட்பட எல்லாம் அவளுடையது.

தேவமாலினியின் இயற்பெயர் லூர்தினா பின்டோ, ஊர் மங்களூர்ப் பக்கம், தாய்மொழி கொங்கணி. பிறந்த வருடத்தில் பாடபேதம் உண்டு: கல்லறைக் கல் சொல்வதை நம்பினால், முதல் படத்தில் மூன்று பிள்ளைகள் பெற்ற கைம்பெண்ணாக நடித்தபோது அவளுக்கு வயது ஒன்பது. இருபத்திரண்டு வருடத்தில் அறுபத்து நான்கு தமிழ்ப் படங்களில் நடித்தவள், தமிழில் வாய் திறந்து ஒரு வரியும் பேசியதில்லை. கேமரா ஓடும்போது அவள் கண்ணில் நீரும் கழுத்தில் நரம்பும் வரவழைத்துக்கொண்டு எண்ணுவாள். ஏக், தோன், தீன், சார் என்று ஒன்றிலிருந்து பத்து வரைக்கும், வசனம் நீளமாக இருந்தால் மறுபடியும் ஒன்றிலிருந்து. தாலியைக் கழற்றி எறிந்ததும் எண்களால்தான், செத்துப்போன மகனை மடியில் போட்டுக் கதறியதும் எண்களால்தான். பிறகு டப்பிங் தியேட்டரின் இருட்டில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சுகுணவதி நின்றுகொண்டு, அந்த எண்களின்மீது தமிழைப் போர்த்துவாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் தனகோபால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "உதடு ஒட்டலம்மா, இன்னொரு தடவை" என்பார். அப்படி ஆயிரம் தடவை சொன்ன பிறகு கல்யாணம் செய்துகொண்டார்.

படத்தின் தொடக்கத்தில் மேக்கப் உதவியாளர், வண்டி ஓட்டியவர், குதிரை கொடுத்தவர் பெயரெல்லாம் வரும். குரல் கொடுத்தவள் பெயர் வராது. கதாநாயகிக்கு இரவல் குரல் என்று தெரிந்தால் ஜனங்கள் மனம் உடைந்துபோவார்கள் என்பது தொழிலின் கொள்கை. ஜனங்களைக் கேட்டு எடுத்த முடிவு அல்ல.

இருவரும் சந்தித்தது ஒரே ஒரு முறை. 'உப்பளத்து ராணி' படத்தின் நூறாவது நாள் விழாவில் தேவமாலினி மேடையில் நாலு வார்த்தை பேச வேண்டியிருந்ததால், திரைச்சீலைக்குப் பின்னால் சுகுணவதியை இன்னொரு மைக்கோடு உட்காரவைத்தார்கள். முன்னால் அவள் எண்ணினாள், பின்னால் இவள் நன்றி சொன்னாள். முடிந்ததும் தேவமாலினி திரைக்குப் பின்னால் வந்து, இவள் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே தமிழை, சளிபிடித்த ஆண்பிள்ளை மாதிரி ஒரு கட்டைக் குரலில் சொன்னாள்: "சாப்டாச்சா?" அதற்குப் பிறகு அந்தக் குரலை வெளியார் யாரும் கேட்டதாகத் தகவல் இல்லை. சினிமாவை விட்ட பிறகும் அதே கொள்கைக்குக் கட்டுப்பட்டு, முப்பது வருடம் சாந்தோம் பக்கம் ஒரு வீட்டில், காய்கறிக்காரரிடம் விரலால் காட்டி வாங்கிக்கொண்டு வாழ்ந்து செத்தாள்.

அவளைப் புதைத்த புனித பிரிஜித் கல்லறைத் தோட்டம் கலைஞர்களுக்குப் பேர்போனது. பெட்டிக்குள்ளிருந்து காணாமல் போவதில் மன்னரான மாயாவி மரியதாஸ் அங்கேதான் காணாமல் போகாமல் கிடக்கிறார். சிங்கத்தின் முதுகில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்ட சர்க்கஸ் கோமாளி தொம்மை, எந்தக் கல்யாணத்திலும் சோக மெட்டு வாசித்து அழவைத்த பேண்டு மாஸ்டர் ரொசாரியோ என்று மொத்தம் ஆறு பேர். மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்ற வேதரத்தினம் என்பவர், ஞாயிறு காலைகளில் இருபது முப்பது பேரை அழைத்துக்கொண்டு இந்த ஆறு கல்லறைகளையும் சுற்றி வந்து, ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, இவர் முதல் மேடை ஏறிய தேதி, கடைசி மேடை இறங்கிய தேதி, இடையில் வாங்கிய கைதட்டல் ஆகியவற்றைத் தடித்த நோட்டைப் பார்த்து ஒப்பிப்பார். தேவமாலினி ஏழாவதாகச் சேர்ந்ததில் அவருக்குத் துக்கத்தோடு ஒரு நிறைவும் இருந்தது. ஏழு நல்ல எண்.

கல்லறை பேசியதை ஊர் எடுத்துக்கொண்ட விதம் எளிமையானது. முதல் வாரம் வந்து பார்த்தார்கள், இரண்டாம் வாரம் பாய் கொண்டுவந்தார்கள், மூன்றாம் வாரம் வாசலில் வேர்க்கடலை வண்டி நின்றது. நிர்வாகம் "பேசும் நேரம் மாலை 4 மணி" என்று தகரத்தில் எழுதிக் கட்டியது. பங்குத்தந்தை மேலிடத்துக்கு எழுதிக் கேட்க, பேசப்படும் வசனங்களில் விசுவாசத்துக்கு விரோதமானது ஏதுமில்லை, ஆனால் ஜெபமாலை நேரத்தில் சத்தம் குறைவாக இருப்பது நலம் என்று பதில் வந்தது. கல்லறையும் அதைப் பெரும்பாலும் கடைப்பிடித்தது. பக்கத்துக் கல்லறையில் இருந்த ரயில்வே கார்டின் மகள் மட்டும், "எங்கப்பா மேல உக்காந்து கடலை திங்கறாங்க ஃபாதர்" என்று புகார் செய்தாள். அவர்மீது தார்ப்பாய் போர்த்தப்பட்டது. வாழ்நாளெல்லாம் அதிசயம் செய்து காட்டிய மரியதாஸ் சும்மா கிடக்கும்போது, சும்மா நடித்துவிட்டுப் போனவள் பேசுகிறாளே என்று சிலருக்கு வருத்தம் இருந்தது. ஒரு கல் எப்படிப் பேசும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இன்று எந்தப் படத்து வசனம் என்றுதான் கேட்டார்கள்.

சங்கடம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பிடித்த வசனம் முடிந்ததும் "ஒன்ஸ்மோர்!" என்று கத்துவது நாடகக் கொட்டகையில் தொடங்கி, சினிமாக் கொட்டகைக்கு வந்து, இப்போது கல்லறைத் தோட்டத்துக்கும் வந்து சேர்ந்திருந்தது. கத்தினால் கல்லறை அந்த வசனத்தை மறுபடி சொல்லும். எந்த நடிகைக்குத்தான் ஆசை இருக்காது? அப்படி இன்று ஐந்து நிமிடம் கூடினால், நாளை அந்த ஐந்து நிமிடமும் சேர்த்துத்தான் பேசும், கூடியது குறைவதில்லை. நான்கு நிமிடம் அரை மணியாயிற்று, அரை மணி ஒன்றரையாயிற்று, பதினோராம் மாதத்தில் மூன்று மணி பத்து நிமிடத்தில் வந்து நின்றது. அவ்வளவு நேரமும் கோடம்பாக்கத்தில் சுகுணவதிக்குக் குரல் இல்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவர் மூன்றே முக்காலுக்கு அவளை "ஆ" சொல்லச் சொன்னார். தொண்டைக்குள் விளக்கடித்துக்கொண்டிருக்கும்போதே மணி நான்காகி "ஆ" அறுந்தது. விளக்கை அணைத்தவர், "தொண்டை அருமையா இருக்கும்மா. குரல்தான் இங்க இல்ல" என்று எழுதிக்கொடுத்தார்.

தனகோபாலுக்குப் பெண்டாட்டி என்பது ஒரு குரல்தான். நான்கு மணி ஆனால் அவள் அடுப்படியில் இருக்கிறாளா, அறையில் இருக்கிறாளா, இருக்கிறாளா என்பதே அவருக்குத் தெரியாமல் போயிற்று. ஆகவே ஓர் எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் ஏற்பாடாயின: ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை, தொடர்ந்து தட்டினால் வாயை மூடிக்கொண்டு மாத்திரையைப் போடவும். முதலில் அவருக்கு இது வசதியாகவே இருந்தது. முப்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக வாக்குவாதங்களில் ஜெயித்தார். இரண்டே மாதத்தில் ஜெயிப்பது சலித்துவிட்டது. ஒருநாள் அவர் சாம்பாரையும் மாமியாரையும் ஒரே வாக்கியத்தில் பழித்துவிட்டு ஆவலோடு காத்திருந்தார். டம்ளர் இரண்டு தடவை தட்டியது, அவ்வளவுதான்.

"டம்ளரோட எத்தினி நாளும்மா குடும்பம் நடத்தறது?" என்றார்.

அந்தக் கேள்விக்கு டம்ளரில் பதில் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் முதலாம் ஆண்டு நினைவு நாளன்று மாலை நான்கு மணி தொடங்கி மறுநாள் மாலை நான்கு மணி வரை, ரசிகர்கள் முறைபோட்டு அமர்ந்து, இடைவிடாமல் ஒன்ஸ்மோர் கேட்பது என்று தேவமாலினி ரசிகர் மன்றம் முடிவு செய்து சுவரொட்டி அடித்தது. கூடியது குறைவதில்லை என்பது சுகுணவதிக்குத் தெரியும். இருபத்து நான்கு மணி நேரம் ஒருமுறை கூடிவிட்டால், அதற்குப் பிறகு அவள் பேசுவதற்கு நாளில் நேரம் மிஞ்சாது.

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, குரல் இருக்கும்போதே, வேதரத்தினத்தின் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள். மரியதாஸையும் தொம்மையையும் ரொசாரியோவையும் கும்பிட்டுவிட்டுக் கூட்டம் ஏழாவது கல்லறைக்கு வந்தது. வேதரத்தினம் நோட்டைப் புரட்டி, 'உப்பளத்து ராணி'யின் நீதிமன்றக் காட்சிக்கு வந்தார். "பாவி! சோத்துல மண்ணப் போட்டியே, சாட்சிக்கு ஆளில்லேன்னா?" என்ற அந்த வசனத்தை அறியாத தமிழர் அந்தக் காலத்தில் இல்லை. "கவனிக்கணும், இங்க 'துரோகி'ன்னு வரல, 'பாவி'ன்னு வருது. ஏன்? துரோகம் மனுஷனுக்குச் செய்யறது, பாவம் கடவுளுக்குச் செய்யறது. இதைப் பத்தி நான் பதினாலு பக்கம் எழுதியிருக்கேன்" என்றார்.

"எழுதிக் குடுத்தது துரோகிதாங்க" என்றாள் சுகுணவதி. "அந்தம்மா அந்த ஷாட்ல அஞ்சுலேர்ந்து எண்ணுனாங்க. பான்ச், ஸோ, சாத், ஆட். 'பா'ன்னு வாய் தொறக்குது, துரோகி எப்படிங்க ஒட்டும்? நான்தான் பாவின்னு மாத்துனேன். ஸோக்கு சோறு, சாத்துக்கு சாட்சி, ஆட்டுக்கு ஆளு."

வேதரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "அம்மா, நான் முப்பத்தி நாலு வருஷம் மீட்டர் பார்த்தவன். முள்ளு எங்க நிக்குதோ அதைத்தான் எழுதுவேன். உங்க பேரு எந்தப் படத்து டைட்டில்ல வருது?"

"எதுலயும் வராது."

"அப்ப நான் என்னன்னு எழுதறது?"

சுகுணவதி மூக்கால் மூச்சிழுத்து, காலை எட்டரை மணி வெயிலில், மூன்று குடும்பங்களின் முன்னோர்கள்மேல் எதிரொலிக்கும்படி, அந்த வசனத்தை முழுதாகச் சொன்னாள். கூட்டம் ஒரு கணம் கல்லறையைப் பார்த்தது, பிறகு அவளைப் பார்த்தது, பிறகு கைதட்டியது.

"மிமிக்ரி அபாரம் மேடம்!" என்றார் ஒருவர். "கண்ண மூடிட்டுக் கேட்டா அவங்களேதான்."

"கொஞ்சம் கீச்சுன்னு இருக்கு," என்றாள் பக்கத்தில் நின்ற பெண்மணி. "ஒரிஜினல்ல இன்னும் கனம் இருக்கும்."

சுகுணவதி அதை விட்டுவிட்டாள். "என்னை யாருன்னாச்சும் வச்சுக்குங்க. அந்த ஒன்ஸ்மோர் மட்டும் வேணாம். நீங்க கேக்கக் கேக்க எனக்குத்தான் பேச்சு போவுது. வீட்டுல கண்ணு தெரியாத மனுஷன் இருக்காரு."

வேதரத்தினம் கெட்டவர் அல்லர். அவளுக்கு ஒரு நாற்காலி வரவழைத்து, தண்ணீர் கொடுத்து, ஒன்ஸ்மோர் கேட்பது ரசிகனின் உரிமை என்றும், அதைத் தடுக்கும் அதிகாரம் தனக்கு மட்டுமல்ல, எந்த மன்றத்துக்கும் இல்லை என்றும் மிகுந்த பணிவோடு சொன்னார்.

வீட்டுக்கு வந்து, தேவமாலினியைத் திட்டியபடியே நடந்ததைச் சொன்னதும், தனகோபால் வெகுநேரம் விரலால் நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அவளத் திட்டாத, சுகுணா. அவகிட்ட வேற குரல் இல்ல" என்றார்.

"இருந்துச்சே. என் கையப் புடிச்சிக்கினு பேசினாளே."

"அது அவ வாயில இருந்தது. டேப்ல இருந்தத நாங்க அழிச்சுட்டோம். ஷூட்டிங்ல அடையாளத்துக்குன்னு ஒரு சவுண்டு புடிச்சு வைப்போம் இல்ல, அதுல அவ எண்ணறது கேக்கும். உன்னுது பதிவானதும் அத அழிச்சுட்டு, அதே டேப்ப அடுத்த படத்துக்குக் குடுப்போம். நாப்பத்தியோரு படம் என் கையால அழிச்சேன். மிச்சத்த வேற எவனோ." தாளம் நின்றது. "எந்திரிச்சதும் பேசணும்னு தோணியிருக்கும். தேடிப் பாத்திருப்பா. எங்க தேடினாலும் உன்னுதுதான் இருந்திருக்கும்."

"அதுக்கு?"

"அதுக்கு என்னன்னு எனக்குத் தெரியல. ஆனா நானும் வரேன்."

நினைவு நாளன்று மூன்றரை மணிக்கு இருவரும் ஆட்டோவில் போனார்கள். எண்ணூறு பேர் இருந்தார்கள், ஆயிரத்து இருநூறு என்கிறது மன்றத்தின் பாடம். சாமியானா, மல்லிகை மாலை, தார்ப்பாய்க்கு அடியில் ரயில்வே கார்டு. வாசலில் சுகுணவதி கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்து, காலத் தூக்கி வைங்க, இங்க ஒரு படி" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது மணி நான்காயிற்று. குரல் அறுந்ததும் தனகோபால், அங்கே இல்லாத இரண்டாவது படியைத் தேடித் தடுமாறினார். அதே குரல் ஐம்பதடி தள்ளிக் கல்லிலிருந்து, 'உப்பளத்து ராணி'யின் முதல் வசனத்தைத் தொடங்கியது.

அவர் நின்று காதைச் சாய்த்தார். "நீதான். ஆனா மைக்கு ரெண்டு இஞ்ச் தள்ளியிருக்கு" என்றார். பழைய ஒலிப்பதிவாளர்களுக்குக் கோபம் இப்படித்தான் வரும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுகுணவதி முன்வரிசைக்கு வந்து, கல்லில் பதித்திருந்த புகைப்படத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் திரையில் அந்த உதடுகளைப் பார்த்துப் பார்த்துத் தன் உதடுகளை அசைத்தவள். இப்போதும் பழக்கம் விடாமல், கல்லறை பேசப்பேச ஒலியில்லாமல் உதட்டசைத்தாள். சற்று நேரத்தில் ஒன்று கண்டாள். அவள் உதடு கல்லறையைப் பின்தொடரவில்லை. கல்லறைதான் அவள் உதட்டைப் பின்தொடர்ந்தது. சோதித்துப் பார்க்க வாயை மூடினாள். குரல் பாதிச் சொல்லில் நின்றது. மறுபடி திறந்தாள், மீதிச் சொல் வந்தது.

வேதரத்தினம் நோட்டிலிருந்து நிமிர்ந்தார்.

அந்த நேரத்தில் சுகுணவதி எதை வேண்டுமானாலும் சொல்லவைத்திருக்கலாம். என் பெயர் சுகுணவதி, இது என் குரல் என்று உதட்டை அசைத்திருந்தால், எண்ணூறு பேர் முன்னிலையில், ஆயிரத்து இருநூறாகவே இருக்கட்டும், தேவமாலினியின் கல்லறையே அதைச் சாட்சி சொல்லியிருக்கும், நோட்டிலும் ஏறியிருக்கும். அவள் அதை யோசித்தாள். யோசித்தாள் என்பதை மறைப்பதற்கில்லை. பின்னால் தனகோபால் கையை முன்னே நீட்டியபடி, யாரோ ஒருவருடைய தோளை அவள் தோள் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

பிறகு அவள் மூக்கால் மூச்சிழுத்து, படத்திலிருந்த உதடுகளை நேராகப் பார்த்து, வாயைச் சற்றே விரித்து, எண்ணினாள். ஏக்.

கல் பேசவில்லை. அவளுடைய குரலுக்கு அந்தச் சொல் தெரியாது. இருபத்திரண்டு வருடமும் அது மூடிமறைத்த சொல் அது. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. சுகுணவதி மறுபடியும் எண்ணினாள், குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல மெதுவாக. ஏக்.

"ஏக்" என்றது கல்லறை. சளிபிடித்த ஆண்பிள்ளையின் கட்டைக் குரலில், வெகுகாலம் திறக்காத கதவு மாதிரி.

யாரும் கடலை மெல்லவில்லை. "தோன்" என்றது. "தீன். சார்." ஒவ்வொன்றுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விட்டு, முந்தியதைச் சரிபார்த்துக்கொண்டு அடுத்ததற்குப் போவதுபோலப் போயிற்று. "பான்ச்" என்றபோது சுகுணவதியின் தொண்டைக்குள் அவளுடைய குரல் திரும்பி வந்து உட்கார்ந்தது. தொழில் பழக்கம் அவளைக் கேட்காமலே வாயைத் திறந்தது.

"பாவி" என்றாள்.

"ஸோ" என்றது கல்.

"சோத்துல மண்ணப் போட்டியே."

"சாத்."

"சாட்சிக்கு—"

"ஆட்."

"ஆளில்லேன்னா?"

அதற்கு மேல் வசனம் இல்லை. சுகுணவதி நிறுத்திக்கொண்டாள். கல்லறை நிறுத்தவில்லை; இந்த முறை மேலே யாரும் எதையும் போர்த்தாமல், "நோவ்" என்றும் "தா" என்றும் தன்னந்தனியாகச் சொல்லி முடித்தது.

கைதட்டுவதா வேண்டாமா என்று எண்ணூறு பேருக்கும் தெரியவில்லை. அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைதட்டி வந்தவர்கள், ஆனால் எதற்கு என்று கேள்வி வந்தது இதுதான் முதல் தடவை. அந்த அமைதியில், தப்பான தோளைப் பிடித்துக்கொண்டிருந்த தனகோபால், நாற்பத்தொரு படங்களின் ஒலியைத் தன் கையால் அழித்த மனிதர், தொண்டை கிழியக் கத்தினார்:

"ஒன்ஸ்மோர்!"

கல்லறை மறுபடியும் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணியது. இரண்டாம் முறை சற்று வேகமாக, கொஞ்சம் பெருமையாகக்கூட.

அதோடு சரி. இருபத்து நான்கு மணி நேர நிகழ்ச்சி ஏழு நிமிடத்தில் முடிந்து, சாமியானாவைப் பிரித்தார்கள். இப்போதும் கல்லறை தினமும் மாலை நான்கு மணிக்குத் தன் சொந்தக் குரலில் பத்து வரை எண்ணுகிறது; கூடியது குறைவதில்லை என்ற கணக்கு இரவல் குரலோடு போயிற்று. ஊர் இதையும் எடுத்துக்கொண்டது. கூட்டம் குறைந்துவிட்டது, கடலை வண்டி கடற்கரைக்குப் போய்விட்டது, ரயில்வே கார்டின் தார்ப்பாயை எடுத்தாயிற்று. பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடும்போது கொங்கணியில் எண்ணுகிறார்கள். மங்களூரிலிருந்து இரண்டு பேர் வந்து, எட்டைச் சொல்லும்போது மட்டும் உச்சரிப்பு எங்கள் பக்கத்து உச்சரிப்பு அல்ல என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரசிகர்களில் ஒரு பிரிவினர் கல்லறை மாறிவிட்டது என்றும், உண்மையான தேவமாலினியை வேறெங்கோ புதைத்திருக்கிறார்கள் என்றும் நம்புகிறார்கள். வேதரத்தினம் தன்னுடைய பதினான்கு பக்கக் கட்டுரையைக் கிழிக்கவில்லை. அதன் கடைசியில், முள் நின்ற இடத்தைக் குறிப்பதுபோல, "மாற்றுக் கருத்து: சுகுணவதி, நேரில்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

கோடம்பாக்கத்தில் டம்ளர் அதன் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டது. மாலைகளில் சுகுணவதி செய்தித்தாள் படிக்கிறாள். படிப்பதோடு தன் கருத்தையும் சொல்கிறாள். தனகோபால் முன்போலவே எல்லா வாக்குவாதத்திலும் தோற்கிறார். நான்கு மணி அடிக்கும்போது மட்டும் அவள் எந்த வாக்கியத்தில் இருந்தாலும் நிறுத்திவிட்டு, பத்து எண்ணும் நேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பாள். குரல் இருக்கிறது, போகவில்லை. இருந்தும் பேசமாட்டாள். அந்தப் பத்து எண்ணிக்கைக்குள் தனகோபால் சாம்பாரைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் சொல்ல வேண்டியதையெல்லாம் அவசர அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டு, பதிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.